ஒரு கேப்ஸ்யூலுக்கு ஏன் மூன்று நாள் காவல்? இதயத் தாள மருந்துகளும் டெலிமெட்ரி வார்டின் செவிலியரும்

அமெரிக்காவில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்னும் தாளக் கோளாறுக்கு டோஃபெட்டிலைடு மருந்தைத் தொடங்குவதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் நோயாளிக்கும் அவர் குடும்பத்தாருக்கும் முதலில் எழுவது குழப்பம்தான். நோயாளி நன்றாக நடமாடுகிறார், சாப்பிடுகிறார், அவருக்குத் தரப்படுவதோ காலையும் இரவும் ஒரு சிறிய கேப்ஸ்யூல். ஆனாலும் குறைந்தது மூன்று நாள் மார்பில் ஒயர்களுடன் வார்டிலேயே இருக்க வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு கேப்ஸ்யூலுக்குப் பின்னும் ஈசிஜி எடுக்கிறார்கள். விடியற்காலையில் இரத்தம் எடுக்கிறார்கள். இரத்தத்தில் பொட்டாசியம் சற்றுக் குறைந்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவைக்கிறார்கள். இந்தக் கெடுபிடிக்குக் காரணம், இதயத் தாளத்தைச் சரிசெய்யும் மருந்து அதே தாளத்தை உயிருக்கு ஆபத்தான வகையில் குலைக்கவும் கூடும் என்பதே. அது எப்படி நிகழ்கிறது, அதைத் தடுப்பதில் செவிலியரின் பங்கு என்ன என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

துடிப்பின் மின்சாரம்

இதயத்தின் வலது மேலறையில் உள்ள சைனஸ் கணு ஓய்வு நிலையில் நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை மின்தூண்டலை எழுப்புகிறது. அது மேலறைகளில் பரவி, மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள ஏவி கணுவில் ஒரு நொடியின் சிறு பகுதி தாமதித்து, பிறகு கீழறைகளுக்குள் விரைகிறது. கீழறைகள் சுருங்கும்போதுதான் உடலெங்கும் இரத்தம் பாய்கிறது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் மேலறைகளின் மின்னோட்டம் ஒழுங்கிழந்து அதிர்கிறது. அந்த அதிர்வுகளில் எத்தனை கீழறைக்கு இறங்கலாம் என்பதை ஏவி கணுவே முடிவு செய்கிறது.

இந்த மின்னோட்டம் இதயச் செல்களுக்குள் சோடியமும் கால்சியமும் நுழைவதாலும், பிறகு பொட்டாசியம் வெளியேறுவதாலும் உண்டாகிறது. பொட்டாசியம் வெளியேறும் கட்டத்தில்தான் செல் அடுத்த துடிப்புக்குத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்கிறது. ஈசிஜி தாளில் கீழறைத் தூண்டலின் தொடக்கத்திலிருந்து அந்த ஆயத்தம் முடியும் வரையிலான நீளத்துக்கு க்யூடி இடைவெளி என்று பெயர். இந்தக் கட்டுரையில் அதிகம் பேசப்போவது இந்த இடைவெளியைப் பற்றித்தான்.

நான்கு வகைகள், ஒரு கசப்பான பாடம்

தாள மருந்துகளை ஆக்ஸ்ஃபோர்டின் மைல்ஸ் வாகன் வில்லியம்ஸ் 1970இல் முன்வைத்த வகைப்பாட்டின்படியே இன்றும் கற்பிக்கிறார்கள்.

1. சோடியம் வழியைத் தடுப்பவை: ஃபிளெகைனைடு, லிடோகெயின் போன்றவை.
2. அட்ரினலினின் தூண்டுதலைத் தணிக்கும் பீட்டா தடுப்பான்கள்: மெட்டோப்ரோலால் போன்றவை.
3. பொட்டாசியம் வழியைத் தடுப்பவை: அமியோடரோன், சோட்டலால், டோஃபெட்டிலைடு, இபுட்டிலைடு.
4. கால்சியம் வழியைத் தடுப்பவை: டில்டியாசெம், வெராபமில்.

டிகாக்சினும் அடினோசினும் இந்த நான்கிலும் அடங்காதவை.

தாளத்தைச் சீராக்கினால் உயிர் காக்கப்படும் என்பது ஒரு காலத்தில் யாரும் ஐயுறாத எண்ணமாக இருந்தது. மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு வரும் மிகைத் துடிப்புகளை மருந்தால் அடக்கினால் திடீர் மரணம் குறையுமா என்று காஸ்ட் எனப்படும் பெரிய ஆய்வு சோதித்தது. என்கைனைடு, ஃபிளெகைனைடு ஆகிய இரண்டும் மிகைத் துடிப்புகளை நன்றாகவே அடக்கின. ஆனால் 1991இல் வெளியான முடிவுகளின்படி, மருந்து பெற்ற 755 பேரில் 63 பேரும், போலி மருந்து பெற்ற 743 பேரில் 26 பேரும் இறந்திருந்தார்கள். திரையில் கோடு அழகாகத் தெரிந்தபோதே நோயாளிகள் கூடுதலாக இறந்துகொண்டிருந்தார்கள். மருந்தே புதிய தாளக் கோளாறை உண்டாக்கும் இந்த நிகழ்வை மருத்துவர்கள் புரோஅரித்மியா என்கிறார்கள். டெலிமெட்ரி வார்டில் இன்று கடைப்பிடிக்கப்படும் கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு சொல்லை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டவை.

டெலிமெட்ரி வார்டு

தீவிர சிகிச்சைப் பிரிவுக்கும் பொது வார்டுக்கும் இடைப்பட்டது டெலிமெட்ரி வார்டு. நோயாளியின் மார்பில் ஒட்டிய மின்வாய்களிலிருந்து ஒரு சிறு பெட்டி இதயத் தாளத்தைக் கம்பியில்லா அலைகளாக அனுப்ப, செவிலியர் நிலையத்திலோ தனி அறையிலோ அமர்ந்திருக்கும் கண்காணிப்பாளர் அதைத் திரையில் பார்க்கிறார். நோயாளி எழுந்து நடக்கலாம். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு செவிலியருக்கு ஒருவரோ இருவரோதான் நோயாளிகள்; இங்கே நான்கைந்து பேர். கொடுக்கப்படும் மருந்துகள் ஏறக்குறைய அதே வீரியமுள்ளவை, அருகிலிருந்து பார்க்கக் கிடைக்கும் நேரமோ குறைவு. இந்த இடைவெளியில்தான் தவறுகள் நேர்கின்றன.

தாளத்தைக் கண்டறிந்து செயல்படும் அதிகாரம் செவிலியருக்குக் கிடைத்த வரலாறு நீண்டதன்று. கன்சாஸ் சிட்டியில் ஹியூஸ் டே 1962இல் தொடங்கிய இதயத் தீவிர சிகிச்சைப் பிரிவு, அமெரிக்காவில் அத்தகைய முதல் பிரிவுகளுள் ஒன்று. அதே காலத்தில் ஃபிலடெல்பியாவில் மருத்துவர் லாரன்ஸ் மெல்ட்சரும் செவிலியர் ரோஸ் பின்னியோவும் சேர்ந்து உருவாக்கிய முறையில், கீழறைகள் சுருங்காமல் வெறுமே நடுங்கி இரத்த ஓட்டம் நின்றுபோகும் கீழறை அதிர்வைத் திரையில் கண்ட செவிலியர் மருத்துவருக்காகக் காத்திராமல் தாமே மின்னதிர்ச்சி கொடுக்கலாம் என்பது ஏற்கப்பட்டது. திரையைப் படித்துத் தீர்மானிப்பவர் செவிலியரே என்னும் அந்தக் கொள்கை இன்றைய டெலிமெட்ரி வார்டிலும் அப்படியே தொடர்கிறது.

க்யூடி நீளும்போது நடப்பது

மூன்றாம் வகை மருந்துகள் பொட்டாசியம் வெளியேறுவதைத் தாமதப்படுத்துகின்றன. இதனால் செல்லின் ஓய்வுக்காலம் நீண்டு, மேலறையில் சுழலும் தாறுமாறான மின்னோட்டம் அறுபடுகிறது. அதுவே மருந்தின் நற்பயன். ஆனால் அதே தடை கீழறையிலும் செயல்படுவதால் க்யூடி நீள்கிறது. அளவுக்கு மீறி நீண்டால், முழுதும் ஆயத்தமாகாத செல்களில் அடுத்த தூண்டல் தவறான நேரத்தில் பிறந்து கீழறை மிக வேகமாகத் துடிக்கத் தொடங்குகிறது. ஈசிஜியில் அலைகளின் முனைகள் மேலும் கீழுமாக முறுக்கிக்கொண்டு போவதுபோல் தெரிவதால், பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா டெசர்டென் 1966இல் இதை டோர்சாட் டி பாயிண்ட், அதாவது முனைகளின் முறுக்கல், என்று அழைத்தார். சில வேளை அது தானே அடங்கும். சில வேளை கீழறை அதிர்வாக மாறி உயிரைப் பறிக்கும்.

க்யூடியின் நீளம் துடிப்பின் வேகத்தையும் சார்ந்தது. ஆகவே அதை வேகத்துக்கேற்பத் திருத்திக் கணக்கிட வேண்டும். திருத்திய மதிப்புக்கு க்யூடிசி என்று பெயர். பரவலாகப் பயன்படும் பாசெட் சூத்திரம், அளந்த க்யூடியை இரு துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தின் வர்க்கமூலத்தால் வகுக்கிறது. நிமிடத்துக்கு 60 துடிப்பு உள்ளவரின் க்யூடி 400 மில்லிநொடி என்றால் க்யூடிசியும் 400தான். அதே 400 மில்லிநொடி 90 துடிப்பு உள்ளவரிடம் காணப்பட்டால் க்யூடிசி ஏறக்குறைய 490. முன்னவருக்குக் கவலையில்லை, பின்னவர் 500 என்னும் அபாய எல்லையின் விளிம்பில் நிற்கிறார். இயந்திரம் அச்சிட்டுத் தரும் எண்ணை அப்படியே ஏற்காமல் அலையைக் கண்ணால் பார்த்து அளக்க வேண்டும் என்று அனுபவமுள்ள செவிலியர்கள் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுவே. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷனில் துடிப்புக்குத் துடிப்பு இடைவெளி மாறுவதால் பல துடிப்புகளை அளந்து சராசரி காண வேண்டும். பாசெட் சூத்திரம் வேகமான துடிப்பில் க்யூடிசியை மிகைப்படுத்திக் காட்டும் என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

அந்த மூன்று நாளின் ஒழுங்கு இப்போது விளங்கும். டோஃபெட்டிலைடுக்கு வகுக்கப்பட்ட முறை இது:

1. முதல் வேளைக்கு முன் க்யூடிசி 440 மில்லிநொடிக்கு மேல் இருந்தால் மருந்தைத் தொடங்கவே கூடாது. கீழறையின் மின்கடத்தலில் ஏற்கெனவே கோளாறு உள்ளவர்களுக்கு எல்லை 500.
2. மருந்து பெருமளவு சிறுநீரகம் வழியாக வெளியேறுவதால், சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்பதைக் காட்டும் கிரியாட்டினின் வெளியேற்றத் திறனைக் கணக்கிட்டே அளவு முடிவாகிறது. நிமிடத்துக்கு 60 மில்லிலிட்டருக்கு மேல் என்றால் 500 மைக்ரோகிராம் இருவேளை; 40 முதல் 60 வரை 250; 20க்கு மேல் 40க்குள் 125; 20க்குக் கீழ் என்றால் மருந்தே கூடாது.
3. முதல் வேளை கொடுத்த 2 முதல் 3 மணி நேரத்துக்குள் ஈசிஜி. க்யூடிசி தொடக்க அளவைவிட 15 விழுக்காட்டுக்கு மேல் கூடியிருந்தாலோ, 500ஐத் தாண்டியிருந்தாலோ அளவு குறைக்கப்படும்.
4. இரண்டாம் வேளை முதல் ஐந்தாம் வேளை வரை இதே சோதனை தொடரும். அப்போதும் 500ஐத் தாண்டினால் மருந்து நிறுத்தப்படும். மின்கடத்தல் கோளாறு உள்ளவர்களுக்கு இந்த எல்லைகள் 550.

இந்த ஒழுங்கு முழுவதும் நேரத்தைச் சார்ந்தது. இரவு 9 மணிக்குத் தர வேண்டிய கேப்ஸ்யூல் வேலைப் பளுவால் 10:30க்குத் தரப்பட்டால் ஈசிஜியும் அதற்கேற்பத் தள்ளிப்போக வேண்டும். பழைய நேரத்துக்கே ஈசிஜி எடுத்தால் மருந்து உச்சத்தை எட்டும் முன்பே எடுத்த தாள், எல்லாம் நலம் என்று பொய்யாகச் சொல்லிவிடும்.

இதைவிட நுட்பமான ஆபத்து, தாள மருந்தோடு தொடர்பில்லாதவைபோல் தோன்றும் மருந்துகளில் இருக்கிறது. நோயாளிக்குக் குமட்டல் என்றால் ஒன்டான்செட்ரான். இரவில் மனக்குழப்பம் வந்தால் ஹாலோபெரிடால். நுரையீரல் தொற்று என்றால் அசித்ரோமைசின் அல்லது லெவோஃப்ளாக்சசின். இவை ஒவ்வொன்றும் க்யூடியை நீட்டக்கூடியவை. சிறுநீர்த் தொற்றுக்குத் தரும் டிரைமெத்தோபிரிமும், இரத்த அழுத்தத்துக்கான ஹைட்ரோகுளோரோதயாசைடும், வெராபமிலும் டோஃபெட்டிலைடோடு சேரவே கூடாதவை. நீர் பிரிய ஃபியூரோசமைடு கொடுத்தால் பொட்டாசியமும் மெக்னீசியமும் சிறுநீரோடு வெளியேறுகின்றன; பொட்டாசியம் குறைந்தால் க்யூடி மேலும் நீள்கிறது. இவற்றை எழுதியவர்கள் வெவ்வேறு மருத்துவர்களாகவும், எழுதிய நேரங்கள் வெவ்வேறாகவும் இருக்கலாம். அவை அனைத்தும் ஒரே நோயாளியின் உடலில் ஒன்றுசேரும் முன் கடைசியாகச் சந்திக்கும் கை செவிலியருடையது. மருந்தாளுநரின் கணினி எச்சரித்திருந்தாலும், நோயாளியின் அன்றைய க்யூடிசியையும் அன்றைய பொட்டாசியத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கக்கூடியவர் செவிலியர் ஒருவரே. பல வார்டுகளில் இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு 4 மில்லிமோலுக்கும் மெக்னீசியம் டெசிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் குறையாமல் வைத்திருப்பதை இலக்காகக் கொள்கிறார்கள். குறைந்திருந்தால் முதலில் அதை ஈடுசெய்துவிட்டே மருந்து. சிரை என்னும் இரத்தக்குழாய் வழியாகப் பொட்டாசியத்தை எக்காலத்திலும் ஊசியால் நேரே செலுத்தக் கூடாது. நீர்த்த கரைசலாகப் பம்பின் வழியே மெதுவாகத்தான் செலுத்த வேண்டும்.

துடிப்பு மெதுவாகும்போது ஆபத்து கூடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சோட்டலாலும் டோஃபெட்டிலைடும் மெதுவான துடிப்பில்தான் க்யூடியை அதிகம் நீட்டுகின்றன. நீண்ட இடைநிறுத்தம் ஒன்றுக்குப் பின் வரும் துடிப்பிலேயே டோர்சாட் பெரும்பாலும் தொடங்குகிறது. ஆகவே ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் மாறிச் சீரான தாளம் திரும்பும் வேளை, குடும்பத்தார் மகிழும் அந்த வேளை, செவிலியர் கூடுதல் கவனத்தோடு திரையைப் பார்க்க வேண்டிய வேளை. டோர்சாட் தோன்றினால் முதல் மருந்து சிரை வழி மெக்னீசியம் சல்ஃபேட், 2 கிராம். நாடி இல்லையென்றால் மின்னதிர்ச்சி.

அமியோடரோன்: மருந்தைவிடப் பம்பில் கவனம்

டெலிமெட்ரி வார்டில் அதிகம் ஏறும் சொட்டு மருந்துகளில் ஒன்று அமியோடரோன். வழக்கமான முறையில், முதலில் 150 மில்லிகிராம் 10 நிமிடத்தில். பிறகு நிமிடத்துக்கு 1 மில்லிகிராம் வீதம் 6 மணி நேரம். அதன்பின் நிமிடத்துக்கு அரை மில்லிகிராம் வீதம் 18 மணி நேரம். மொத்தம் 24 மணி நேரத்தில் 1,050 மில்லிகிராம். கணக்கு எளிது, சிக்கல் கைமாறும் இடங்களில் இருக்கிறது.

தயாராகக் கலந்து வரும் பைகளை எடுத்துக்கொள்வோம். 100 மில்லிலிட்டரில் 150 மில்லிகிராம் உள்ள முதல் பை 10 நிமிடத்தில் முடிய வேண்டுமானால் பம்பின் வேகம் மணிக்கு 600 மில்லிலிட்டர். அடுத்து மாட்டும் பையில் 200 மில்லிலிட்டரில் 360 மில்லிகிராம். அதற்குரிய வேகம் மணிக்கு ஏறக்குறைய 33 மில்லிலிட்டர். பையை மாற்றியவர் வேகத்தை மாற்ற மறந்தால் ஆறு மணி நேரத்துக்குரிய மருந்து 20 நிமிடத்தில் உள்ளே போய்விடும். இரத்த அழுத்தம் சரியும். துடிப்பு மெலிந்து நிற்கவும் கூடும். நண்பகல் 1 மணிக்குத் தொடங்கிய சொட்டைப் பாதியாகக் குறைக்க வேண்டிய நேரம் மாலை 7 மணி. அமெரிக்க வார்டுகள் பலவற்றில் அதுவே பகல் செவிலியர் இரவு செவிலியரிடம் பொறுப்பை ஒப்படைக்கும் நேரம். இருவரும் நோயாளியின் படுக்கையருகே நின்று, பையின் பெயர்ச்சீட்டு, பம்பின் எண், குழாய் செல்லும் வழி ஆகிய மூன்றையும் சேர்ந்து பார்க்காவிட்டால், மற்றவர் மாற்றியிருப்பார் என்று இருவருமே நினைத்துக்கொள்வார்கள். சிரை வழித் தாள மருந்துகளை மருந்துப் பாதுகாப்பு அமைப்புகள் உயர் எச்சரிக்கை மருந்துகளின் பட்டியலில் வைத்திருப்பதும், இன்னொரு செவிலியர் தனியாகக் கணக்கிட்டுச் சரிபார்க்க வேண்டும் என்று மருத்துவமனைகள் கேட்பதும் இதனால்தான். முதலாமவர் சொன்ன விடைக்குத் தலையாட்டுவது சரிபார்ப்பு ஆகாது.

அமியோடரோன் கையிலுள்ள சிரையை எரிச்சலூட்டி வீங்கச் செய்யக்கூடியது. செறிவு மில்லிலிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் போகுமானால், ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட சொட்டுக்கு இதயத்துக்கு அருகிலுள்ள பெரிய சிரை வரை செல்லும் மையச் சிரைக் குழாய் வேண்டும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினோடும் சோடியம் பைகார்பனேட்டோடும் ஒரே குழாயில் சேரக் கூடாது. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிக்கு ஹெப்பாரினும் ஓடிக்கொண்டிருப்பது வழக்கம் என்பதால் இது ஏட்டளவிலான எச்சரிக்கை அன்று. இரத்த உறைவைத் தடுக்கும் மாத்திரையான வார்ஃபரினின் வீரியத்தையும், இரத்தத்தில் டிகாக்சினின் அளவையும் அமியோடரோன் கூட்டுகிறது. உடலிலிருந்து வெளியேற வாரங்கள் முதல் மாதங்கள் வரை ஆவதால், நிறுத்திய பிறகும் இந்த விளைவுகள் தொடரும்.

பெயர்க் குழப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். அம்ரினோன் என்னும் மற்றோர் இதய மருந்தின் பெயர் அமியோடரோனோடு மயங்கித் தவறுகள் நேர்ந்ததால், 2000இல் அமெரிக்காவில் அந்த மருந்தின் பெயரையே இனாம்ரினோன் என்று மாற்றினார்கள். கவனமாக இருங்கள் என்று ஆயிரம் முறை சொல்வதைவிடப் பெயரை மாற்றியது நல்ல வேலை என்பேன்.

கொடுக்காமல் நிறுத்திவைக்கும் முடிவு

மெட்டோப்ரோலால், டில்டியாசெம், டிகாக்சின் ஆகியவை ஏவி கணுவைத் தணித்துத் துடிப்பின் வேகத்தைக் குறைக்கின்றன. இவற்றைக் கொடுக்கும் முன் நாடியையும் இரத்த அழுத்தத்தையும் பார்ப்பது அனைவரும் அறிந்தது. டிகாக்சினுக்கு மார்பில் ஸ்டெதாஸ்கோப் வைத்து ஒரு முழு நிமிடம் எண்ண வேண்டும். திரையில் தெரியும் எண் போதாது. ஒவ்வொரு துடிப்புக்கும் பின் செல்கள் ஆயத்தமாவதைக் காட்டும் டி அலை உயரமாக இருந்தால், அதையும் ஒரு துடிப்பாகக் கருதி இயந்திரம் இரட்டிப்பாகக் காட்டுவதுண்டு. மின்கோடு துடித்துக்கொண்டிருக்க, கையில் நாடியே இல்லாத நிலையும் உண்டு.

எந்த எண்ணில் நிறுத்த வேண்டும் என்பதை மருத்துவர் ஆணையிலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் செவிலியர் கேட்டு எழுதச் செய்ய வேண்டும். நிறுத்திய பிறகு மருத்துவரிடம் தெரிவிப்பதும் அந்த முடிவின் பகுதியே. பீட்டா தடுப்பானை ஒருவருக்கும் சொல்லாமல் தொடர்ந்து சில வேளைகள் விட்டால் துடிப்பு முன்னைவிட வேகமாகத் திரும்பிவரக்கூடும். டிகாக்சின் பெறுபவர் பசியில்லை, குமட்டுகிறது, விளக்கைச் சுற்றி மஞ்சள் வளையம் தெரிகிறது என்று சொன்னால் அது நச்சுநிலையின் அறிகுறியாக இருக்கலாம். பொட்டாசியம் குறைந்தவரிடம் இரத்தத்தில் மருந்தின் அளவு சரியாக இருந்தபோதும் அது நேரலாம்.

வேகத்தைக் குறைக்கும் மருந்தையே கொடுக்கக் கூடாத தாளம் ஒன்றும் உண்டு. ஏவி கணுவைச் சுற்றிக்கொண்டு போகும் பிறவிக் குறுக்குவழி உள்ள வுல்ஃப்-பார்க்கின்சன்-வைட் நோயாளிக்கு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் வந்தால், திரையில் மிக வேகமான, அகன்ற, ஒழுங்கற்ற அலைகள் தெரியும். அப்போது டில்டியாசெம் கொடுத்து ஏவி கணுவை அடைத்தால் மின்தூண்டல்கள் குறுக்குவழியாகவே இறங்கிக் கீழறை அதிர்வில் முடியலாம். அகன்ற அலைகளைக் கண்டால் ஊசியை எடுக்கும் முன் மருத்துவரை அழைத்துத் தாளை நேரில் காட்ட வேண்டும்.

அடினோசின்

ஏவி கணுவைச் சில நொடிகள் அடைத்து வேகத் துடிப்பை நிறுத்தத் தரப்படும் இது, பத்து நொடிக்குள் பாதியாகக் குறைந்துவிடும் மருந்து. முழங்கைப் பகுதியின் பெரிய சிரையில் 6 மில்லிகிராமை ஓரிரு நொடியில் செலுத்தி, உடனே 20 மில்லிலிட்டர் உப்புநீரால் தள்ளாவிட்டால் இதயத்தை அடையும் முன்பே தீர்ந்துவிடும். சில நொடிகள் திரையில் கோடு தட்டையாகும். நோயாளிக்கு மார்பு இறுகி, உயிர் போவதுபோல் தோன்றும். இதை அவருக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும். மின்னதிர்ச்சி ஒட்டுகளை முன்பே பொருத்தி, ஈசிஜி தாள் ஓடிக்கொண்டிருக்கச் செய்துவிட்டுத்தான் மருந்தைத் தொட வேண்டும்.

ஓயாத மணிகள்

அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் ஜாயின்ட் கமிஷன் 2013இல் விடுத்த எச்சரிக்கை, கருவிகள் எழுப்பும் மணிகளில் 85 முதல் 99 விழுக்காடு வரை சிகிச்சை எதுவும் தேவைப்படாதவை என்று குறிப்பிட்டது. நோயாளி பல் துலக்கும் அசைவே கீழறை வேகத் துடிப்புபோலத் திரையில் தெரியும். நாள் முழுதும் வீணாக ஒலிக்கும் மணிக்குக் காது மரத்துப்போவதைச் செவிலியரின் அலட்சியம் என்று சொல்வது நியாயமன்று. மின்வாய்களைத் தோலைச் சுத்தம் செய்து நாள்தோறும் மாற்றுவதும், மணி ஒலிக்க வேண்டிய எல்லைகளை அந்தந்த நோயாளிக்கு ஏற்ப அமைப்பதும், தேவை தீர்ந்தவரின் கண்காணிப்பை நிறுத்துவதும் மணிகளைக் குறைக்கும். ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர் என்ற கணக்கில், அன்றே டோஃபெட்டிலைடு தொடங்கிய ஒருவரையும் அமியோடரோன் சொட்டு ஓடும் இன்னொருவரையும் ஒரே கையில் கொடுக்காமல் பங்கிடுவது பொறுப்புச் செவிலியர் செய்யக்கூடிய, செலவில்லாத பாதுகாப்பு ஏற்பாடு.

வீடு திரும்பும் நாள்

மூன்று நாள் முடிந்தாலும், தாளம் சீராகி 12 மணி நேரம் கழியாமல் டோஃபெட்டிலைடு நோயாளியை அனுப்பக் கூடாது. மருந்துக் கடையில் அந்த மருந்து கிடைக்கிறதா என்று செவிலியர் முன்பே கேட்டு உறுதிசெய்ய வேண்டும். இடையில் விட்டுப்போனால் மீண்டும் மருத்துவமனையில் தங்கியே தொடங்க வேண்டி வரலாம். ஒரு வேளை தவறினால் அடுத்த வேளைக்கு ஒன்றுதான், இரண்டாகச் சேர்த்து விழுங்கக் கூடாது. வாந்தி, வயிற்றுப்போக்கு, மிகுந்த வியர்வை இருந்தால் பொட்டாசியம் குறையக்கூடும் என்பதால் மருத்துவரை அழைக்க வேண்டும். மயக்கம் வந்தாலோ கண் இருண்டாலோ அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். பல் மருத்துவரோ, தோல் மருத்துவரோ, வேறு யாரோ புதிதாக மருந்து எழுதினால் அதை வாங்கும் முன் டோஃபெட்டிலைடின் பெயரைச் சொல்ல வேண்டும். அந்தப் பெயரைத் தாளில் பெரிய எழுத்தில் எழுதி நோயாளியின் பணப்பையில் வைத்து, அவரையும் அவரோடு வாழ்பவரையும் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டே மார்பின் ஒயர்களைக் கழற்ற வேண்டும்.